மீட்பு மாதாவும் காப்பிரி முத்தப்பனும்

அடிமை என்றதும் நம் நினைவுக்கு வருவன விலங்கும் சவுக்குமே. ஆயின், கொச்சித் துறைமுகத்தை அடுத்த வல்லார்பாடம் தீவில் அச்சொல்லுக்கு வேறொரு பொருளும் உண்டு. அங்குள்ள மாதா கோயிலில், தம்மையும் தம் மக்களையும் அன்னைக்கு ‘அடிமை’ வைக்கும் வழக்கம் இன்றும் இருக்கிறது. 1752 இல் புயலில் படகு கவிழ்ந்து, மூன்றாம் நாள் மகனோடு உயிர் மீண்ட மீனாட்சியம்மை என்னும் நாயர் குலப் பெண், அன்னைக்கு அடிமையானதே இதன் தொடக்கம் என்பர். இஃது அன்பால் விரும்பி ஏற்ற அடிமை.

அவ்வன்னையின் பெயரே ‘மீட்பு மாதா’. சிறைப்பட்ட கிறித்தவர்களைப் பணம் கொடுத்து மீட்பதற்காக 1218 இல் பார்சிலோனாவில் தோன்றிய துறவியர் சபை போற்றிய அன்னை இவள். இவள் படத்தை 1524 இல் இங்குக் கொணர்ந்தவர் போர்த்துகீசியர் என்பது மரபு. அவர்தம் கப்பல்களில்தான் ஆப்பிரிக்க மக்களும் அடிமைகளாகக் கொச்சிக்கு வந்தனர். அவர்களை மீட்க யார் பணம் கொடுத்தார்?

1663 இல் ஒல்லாந்தர் கொச்சியைக் கைப்பற்றினர். ஓடிய போர்த்துகீசியர், புதைத்த செல்வத்துக்குக் காவலாக அடிமைகளைக் கொன்று உடன் புதைத்தனர் எனக் கதை வழங்குகிறது. மட்டாஞ்சேரியில் இன்றும் காப்பிரி முத்தப்பனுக்குச் சுருட்டும் கள்ளும் படைக்கின்றனர். அறிவியல் மாணவனாகிய நான் இரண்டையும் பிரித்தே பார்க்கிறேன்: ஆப்பிரிக்கர் அடிமைகளாக வந்தது வரலாறு, புதையல் வாய்மொழி.

இங்கிலாந்திலும் இக்கேள்வி எழுந்தது. திருமுழுக்குப் பெற்றால் விடுதலை கிட்டும் என்று அங்கிருந்த கறுப்பின மக்கள் பலர் நம்பினர். கிட்டாது என 1729 இல் அரசின் சட்ட அலுவலர் இருவர் கருத்துரைத்தனர். 1759 இல் இலண்டனில் திருமுழுக்குப் பெற்ற ஒலாடா எக்வியானோ, 1762 இல் மீண்டும் விற்கப்பட்டார். 1766 இல் தம் விலையைத் தாமே கொடுத்து விடுதலை பெற்றார். 1789 இல் தம் வரலாற்றை எழுதி வெளியிட்டார்.

1833 ஆம் ஆண்டின் ஒழிப்புச் சட்டம் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளை விலக்கியே வைத்தது. அங்கு 1843 இல்தான் சட்டம் வந்தது. கொச்சி அரசில் 1854 இல். அங்கு விடுதலை பெற்றோர் வயலில் உழைத்த நம் மண்ணின் மக்களே! கடல் கடந்த கரும்புத் தோட்டங்களிலோ, விடுதலையான ஆப்பிரிக்கர் விட்ட இடத்தை ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற நம்மவர் நிரப்பினர்.

எக்வியானோவுக்கு எழுத்து இருந்தது. காப்பிரிக்கு இருப்பது ஒரு சுருட்டின் புகை மட்டுமே. பிழைப்புக்காக ஊர் பெயர்ந்த குடும்பத்தில் வந்த என்னால் அதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட முடியவில்லை. நண்பர்களே, ஏடு மறந்தவர்களை எளிய மக்கள் மறக்கவில்லை. படித்த நாம் மறக்கலாமா?