ரைஸ், ரெய்ஸ்: இயங்குவதும் இயக்குவதும்

பாடியிலிருந்து அம்பத்தூர் போகும் சாலையில், தொழிற்பேட்டையை ஒட்டிக் கிடக்கிறது மண்ணூர்பேட்டை. அந்த வட்டாரத்துப் பட்டறை ஆபீஸ்களில் ஓர் ஆங்கில வினைச்சொல் நாள் முழுக்கப் புழங்குகிறது. “பில் ரெய்ஸ் பண்ணியாச்சா?”, “இன்வாய்ஸ் இன்னும் ரெய்ஸ் பண்ணல சார்.” இந்த இடத்தில் ‘பில் ரைஸ் பண்ணு’ என்று யாருக்கும் வாய் வராது. ஆனால் வங்கித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைக்கு, கோடிட்ட இடத்தில் ரைஸ் வருமா ரெய்ஸ் வருமா என்ற குழப்பம் தீர்வதே இல்லை. பயிற்சிப் புத்தகங்கள் இந்த இரண்டையும் ஒலி ஒத்த சொற்களின் பட்டியலில் போட்டு, எழுத்துக்கூட்டலாக மனப்பாடம் செய்யச் சொல்கின்றன. கோளாறு அங்கேதான். வேலை தானாக நடக்கிறதா, ஒருவர் நடத்துகிறாரா என்பதுதான் இங்கே கேள்வி. அந்த வேறுபாடு ஆங்கிலத்தைவிடத் தமிழில்தான் பளிச்சென்று தெரிகிறது. அதைத் தமிழ் வழியாகச் சொல்லிக்கொடுக்காததே வம்பு.

பட்டறை வாசலில் லாரி வந்து நிற்கிறது. “லோடு இறங்கிடுச்சா?” என்றால் சரக்கைப் பற்றிய விசாரணை. “லோடு இறக்கிட்டியா?” என்றால் எதிரே நிற்பவனைப் பற்றிய விசாரணை, இறக்கவில்லையென்றால் அவன்தான் பதில் சொல்லவேண்டும். இறங்கு, இறக்கு, திருந்து, திருத்து, ஓடு, ஓட்டு, உருகு, உருக்கு. மெல்லினம் வல்லினமாகிறது, அல்லது வல்லினம் இரட்டிக்கிறது. உடனே பொறுப்பு ஆள் மேல் வந்து விழுகிறது. பள்ளியில் இதைத் தன்வினை, பிறவினை என்று படித்திருப்போம். மொழியியலாளர் கு. பரமசிவம் ‘இக்காலத் தமிழ் மரபு’ நூலில் இவற்றை இயங்குவினை, இயக்குவினை என்று பிரித்தார். மெஷின் இயங்குகிறது, ஆள் இயக்குகிறார்: பட்டறைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. இப்போது ஆங்கிலத்துக்குப் போனால், விலை ஏறினால் ரைஸ், விலையை ஏற்றினால் ரெய்ஸ். தூக்கத்திலிருந்து எழுந்தால் ரைஸ், கையை உயர்த்தினால் ரெய்ஸ். பில் தானாக எழும்பாது, ஒருவர் போடவேண்டும்; அதனால்தான் கணக்குப்பிள்ளைக்கு இலக்கணம் படிக்காமலே சரியாக வருகிறது. (ரைஸ் என்று தமிழில் எழுதினால் ஓட்டல் சாப்பாடும் நினைவுக்கு வந்துவிடுகிறது. அது நம் எழுத்தின் தொல்லை, வினையின் தொல்லை இல்லை.)

ஆங்கிலத்திலும் இது ஒரு காலத்தில் முறையாகவே இருந்தது. ஜெர்மானிய மொழிகளின் மூதாதை மொழியில், இயங்குவினையோடு ஒரு யகர விகுதியைச் சேர்த்து இயக்குவினை ஆக்கினார்கள். அந்த விகுதி தனக்கு முந்தைய உயிரை மாற்றிவிட்டுப் பிறகு உதிர்ந்துபோயிற்று. மாறிய உயிர் மட்டும் மிஞ்சியது. நாம் மெய்யை மாற்றுகிறோம், அவர்கள் உயிரை மாற்றினார்கள். லை என்றால் கிட, லே என்றால் கிடத்து. ஃபால் என்றால் விழு, ஃபெல் என்றால் மரத்தை வீழ்த்து. சிட் என்றால் இரு, செட் என்றால் இருத்து. லேத் பட்டறையில் ஜாப்பைச் சக்கில் பிடித்து ‘செட்டிங்’ செய்கிறார்களே, அதே செட்தான். ரெய்ஸ் மட்டும் நார்ஸ் மொழியிலிருந்து வந்து சேர்ந்தது. அதுவும் அதே பழைய முறையில் பிறந்ததுதான்.

இத்தனை சொன்ன பிறகும் ஒரு கேள்வி நிற்கும். ஆங்கில வினைகள் பெரும்பாலும் இப்படிப் பிரிவதில்லையே, இந்த வழியால் என்ன லாபம்? உண்மைதான். மெஷின் ஓடினாலும் ரன், மெஷினை ஓட்டினாலும் ரன். டூல் உடைந்தாலும் பிரேக், உடைத்தாலும் பிரேக். ‘உடைஞ்சிருச்சு’ என்பதற்கும் ‘உடைச்சிட்டான்’ என்பதற்கும் நடுவில் ஒருவருடைய சம்பளமே தொங்கும்போது, ஆங்கிலத்தில் அதே வினையை வைத்துக்கொண்டு வாக்கியத்தைத்தான் மாற்றவேண்டியிருக்கிறது. பிரியாத வினைகளில் குழப்பத்துக்கே இடமில்லை. பிரிந்து நிற்பவை விரல்விட்டு எண்ணக்கூடிய சில இணைகள். அவற்றுக்கு இந்த வழி போதும். ஓரிடத்தில் மட்டும் தமிழ் கைகொடுக்காது. கிடப்பதைக் குறிக்கும் லை, இறந்தகாலத்தில் லே என்று மாறி, கிடத்துவதைக் குறிக்கும் சொல்லாகவே ஒலிக்கிறது. கிடத்தியதற்கோ லெய்ட். இதை உருப்போடுவதைத் தவிர வேறு வழியில்லை.

ஆங்கிலேயரும் அமெரிக்கருமே லையையும் லேயையும் மாற்றிப் போடுகிறார்கள், நமக்கு மட்டும் ஏன் இந்தக் கவலை என்றும் கேட்கலாம். 1969-இல் வந்த பாப் டிலனின் ‘லே லேடி லே’ பாட்டுத் தலைப்பிலேயே இலக்கணப்படி லை வரவேண்டிய இடத்தில் லே நிற்கிறது. பாட்டிலும் பேச்சிலும் அது போகட்டும். தொழிற்பேட்டைக்காரர்களுக்குத் தெரிந்த இன்னொரு லே உண்டு: லே-ஆஃப். 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தில் 1953-இல் சேர்க்கப்பட்ட விளக்கத்தைப் பாருங்கள். மின்சாரம் இல்லை, மூலப்பொருள் வரவில்லை, சரக்குத் தேங்கிவிட்டது, எந்திரம் பழுது. இப்படி ஏதோ ஒரு காரணத்தால், மஸ்டர் ரோலில் பெயர் உள்ள தொழிலாளிக்கு முதலாளி வேலை தராமலோ தர முடியாமலோ போவதுதான் லே-ஆஃப். கரண்ட் போனது முதலாளியின் குற்றமாக இருக்க வேண்டியதில்லை. இருந்தும் ‘வேலை நின்றது’ என்று எழுதாமல், தொழிலாளியை வேலையிலிருந்து நிறுத்திவைப்பவர் முதலாளி என்று இயக்குவினையில்தான் சட்டம் பேசியது. ஐம்பது பேருக்குக் குறையாத தொழிற்சாலையில் ஓராண்டு வேலை பார்த்தவருக்கு, அந்த நாட்களுக்கு அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் பாதியைத் தரவேண்டும் என்ற கடமையையும் முதலாளி மேலேயே வைத்தது.