ஒரே முடக்குவாதம், மூன்று வகைச் சவ்வு

முடக்குவாதத்துக்கு ஒரே மருந்தைச் சாப்பிடும் இருவரில் ஒருவர் சில மாதங்களில் வேலைக்குத் திரும்பிவிடுகிறார். மற்றவருக்கு விரல் வீக்கம் வடியவே இல்லை. இந்த வேறுபாட்டுக்கான காரணத்தை ரத்தப் பரிசோதனை பல நேரம் சொல்வதில்லை. மூட்டுக்குள்ளேயே போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது.

மூட்டின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் சவ்வுக்கு சைனோவியம் என்று பெயர். நலமாக இருக்கும்போது அதன் உள்வரிசை ஓரிரு செல்களின் கனம்தான். எதிர்ப்பு மண்டலம் சொந்த உடலையே தாக்கத் தொடங்கியதும், இந்தச் சவ்வு தடித்து, புது ரத்த நாளங்கள் கிளைத்து, குருத்தெலும்பின் மேல் படர்ந்து எலும்பை அரிக்கிறது. அப்படி அரிபட்ட எலும்பு பழைய நிலைக்கு வருவது அரிது.

நோயின் கடுமையை அளக்க மருத்துவர்கள் 28 மூட்டுகளில் வலி, வீக்கம் பார்த்து, ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர். அல்லது சி.ஆர்.பி. அளவோடு சேர்த்து மதிப்பெண் போடுகிறார்கள். நல்ல அளவுகோல்தான். ஆனால் அந்த 28-ல் பாத மூட்டுகள் கிடையாது. சவ்வுக்குள் எந்தச் செல் குவிந்திருக்கிறது என்பதும் அதில் தெரியாது.

லண்டன் குயீன் மேரி பல்கலைக்கழகத்தில் கான்ஸ்டன்டினோ பிட்சாலிஸ் தலைமையிலான குழு, சவ்விலிருந்து சிறு துணுக்கை எடுத்து ஆராய்ந்தது. சிலருக்கு எதிர்ப்பு மண்டலத்தின் பி-செல்கள் கூட்டம் கூட்டமாக இருந்தன. சிலருக்கு மேக்ரோபேஜ்கள் என்னும் வேறு வகை எதிர்ப்புச் செல்கள் மிகுந்திருந்தன. வேறு சிலருக்கு எதிர்ப்புச் செல்களே குறைவு, நார்த்திசுச் செல்கள்தான் அதிகம். முதல் வகையினருக்கே நோய் கடுமையாகவும் எலும்புச் சேதம் வேகமாகவும் இருந்தது.

2021-இல் வெளியான அவர்களது ஆய்வு இன்னும் முக்கியமானது. அழற்சியைத் தூண்டும் டி.என்.எஃப். புரதத்தைத் தடுக்கும் மருந்துகள் பலன் தராத 164 பேர் அதில் பங்கேற்றனர். பி-செல் குறைவான சவ்வு என்று மரபணுச் செயல்பாட்டை வைத்துக் கண்டறியப்பட்டவர்களில், பி-செல்லை அழிக்கும் ரிட்டுக்சிமாப் 36 சதவீதத்தினருக்கே பலன் தந்தது; வேறு வழியில் அழற்சியைத் தடுக்கும் டோசிலிசுமாப் 63 சதவீதத்தினருக்குத் தந்தது. நுண்ணோக்கியில் மட்டும் பார்த்துப் பிரித்தபோது இந்த வேறுபாடு தெளிவாகத் தெரியவில்லை. இலக்கே இல்லாத இடத்தில் விலையுயர்ந்த மருந்தைச் செலுத்தி, நோயாளியின் மாதங்களை வீணாக்குவதைத் தவிர்க்க சவ்வை மரபணுச் செயல்பாட்டால் பிரித்தறியும் இந்த வழியை வளர்த்தெடுத்தே ஆக வேண்டும்.

சவ்வுப் பரிசோதனை அன்றாடச் சிகிச்சைக்கு இன்னும் வரவில்லை. அதற்காகக் காத்திருக்காதீர்கள். காலையில் விரல்கள் நெடுநேரம் இறுகிக் கிடந்து, சிறு மூட்டுகளில் வீக்கமும் சில வாரம் நீடித்தால், வலி மாத்திரையோடு நாளைக் கடத்தாமல் மூட்டுவாத நிபுணரைப் பாருங்கள். எலும்பு அரிக்கும் முன் தொடங்கும் மருந்துக்கே முழுப் பலன் உண்டு.