வாத்தியக் கலைஞரின் கழுத்தும் தோளும்

மனிதனின் தலை ஏறக்குறைய 5 கிலோகிராம் எடையுள்ளது. கழுத்திலுள்ள ஏழு சிறு முள்ளெலும்புகளின் மீது அது அமர்ந்திருக்கிறது. உடல் நிமிர்ந்திருக்கும்பொழுது இப்பாரத்தின் பெரும் பகுதியை எலும்புகளே தாங்கிக்கொள்கின்றன. தலை முன்னோக்கிச் சாய்ந்த மாத்திரத்தில், அது மேலும் தாழாதவாறு பிடித்து நிறுத்தும் வேலை கழுத்தின் பின்புறத் தசைகளைச் சாருகிறது. சிதாரின் மெட்டுகளை நோக்கிக் குனிந்தும், தபலாவின் மீது கவிந்தும் நாள்தோறும் ஐந்தாறு மணி நேரம் சாதகம் செய்யும் கலைஞரின் தசைகள் இவ்வேலையை ஓய்வின்றிச் செய்கின்றன. கச்சேரியில் விரல்களின் வேகத்தைக் கண்டு வியக்கும் ரசிகர்கள், அசையாமல் உழைக்கும் தோளைக் கவனிப்பதில்லை.

அசையாத உழைப்பே இங்குத் தொல்லைக்குக் காரணம். நடக்கும்பொழுது காலின் தசைகள் சுருங்குவதும் விரிவதுமாக இருப்பதால், இரத்தம் தடையின்றி உட்புகுந்து பிராணவாயுவைத் தருகிறது. சுருங்கிய நிலையிலேயே நீடிக்கும் தசையிலோ உள்ளழுத்தம் மிகுந்து இரத்த ஓட்டம் குறைகிறது. ஒரு தசை தன் முழு வலிமையில் சுமார் 15 சதவிகிதத்தை மட்டும் செலவிடுமாயின் நெடுநேரம் களைப்பின்றி இயங்கும் என்று ஜெர்மானிய விஞ்ஞானி ரோமெர்ட் 1960-ஆம் ஆண்டில் கூறினார். அதனினும் குறைந்த சுமையும் மணிக்கணக்கில் நீடித்தால் களைப்பைத் தரும் என்பது பின்னர் தெளிவாயிற்று. ஸ்வீடன் நாட்டு ஆராய்ச்சியாளர் ஹெக் 1991-இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். தசையிலுள்ள சிறிய இயக்கக் கூறுகள் முதலில் வேலைக்கு அழைக்கப்பட்டு, இறுதியிலேயே விடுவிக்கப்படுகின்றன. ஆதலால், சுமை எவ்வளவு இலேசானதாயினும் அதே சிறிய கூறுகளே இடையறாது உழைத்துச் சீர்கேடு அடைகின்றன என்பது அவர் கருத்து. மேனாட்டுக் கதையில் வீட்டு வேலை முழுவதையும் தனியே செய்த சிண்டரெல்லாவின் பெயராலேயே இக்கருத்து வழங்குகிறது.

வாத்தியத்திற்கு வாத்தியம் சுமையின் இடம் வேறுபடும். மேனாட்டு முறையில் வயலின் முகவாய்க்கும் இடத்தோளுக்கும் இடையே பற்றப்படுகிறது. 1820-ஆம் ஆண்டையொட்டி லூயி ஷ்போர் என்னும் ஜெர்மானியக் கலைஞர் முகவாய்த் தாங்கியைப் புனைந்தது இப்பிடிப்பை எளிதாக்குவதற்கே. கர்நாடக சங்கீத வித்துவான்கள் தரையில் அமர்ந்து, வயலினின் தலைப்பகுதியை வலப்பாதத்தின் மீது ஊன்றி, மறுமுனையை மார்பிலோ தோளிலோ சாய்த்துக்கொள்கின்றனர். இதனால் முகவாய்க்கு விடுதலை கிடைத்து, கமகங்களுக்காக இடக்கையும் தாராளமாக இயங்குகிறது. எனினும் சம்மணமிட்டு நெடுநேரம் அமர்வதில் வேறொரு சங்கடம் உண்டு. இடுப்பெலும்பு பின்சாய, கீழ்முதுகு வளைய, அதற்கு ஈடாகத் தலை முன்னே நீள்கிறது. மடித்த ஜமக்காளம் ஒன்றை இடுப்பின் கீழ் மட்டும் இட்டு, முழங்கால்களைவிட இடுப்பு சற்று உயருமாறு அமர்ந்தால் முதுகு தானே நிமிரும். செலவில்லாத இவ்வேற்பாட்டைப் பலர் கையாளாதது வியப்புக்குரியது.

புல்லாங்குழல் கலைஞரின் நிலை இன்னும் கடினமானது. இரு கைகளும் ஆதாரமின்றி உயர்ந்து நிற்க, தலையும் ஒருபுறம் திரும்பியிருக்க வேண்டும். பன்னாலால் கோஷ் (1911–1960) இந்துஸ்தானி இசைக்கென நீண்ட மூங்கிற் குழலை வழக்கத்திற்குக் கொணர்ந்தபின் அதன் நாதம் ஆழம் பெற்றது. விரல்களும் தோள்களும் எட்ட வேண்டிய தொலைவும் கூடவே வளர்ந்தது.

இத்துன்பம் அபூர்வமானதன்று. ஆஸ்திரேலிய நாட்டின் எட்டு இசைக்குழுக்களைச் சேர்ந்த 377 கலைஞர்களை ஆராய்ந்து 2012-இல் வெளியிடப்பட்ட அறிக்கையின்படி, வாசிப்பிற்கு இடையூறு செய்யும் அளவிலான வலியை 84 சதவிகிதத்தினர் தம் வாழ்நாளில் ஒருமுறையேனும் அனுபவித்திருந்தனர். வலியை வெளியிட்டால் வாய்ப்புகள் குறையுமென்று அஞ்சுவோர் எங்கும் உண்டு. வலியே சாதகத்தின் அடையாளம் என்ற எண்ணம் மாணாக்கரிடையே அதனினும் தீங்கானது. தினம் ஒரு மணி வாசித்தவர் போட்டியை முன்னிட்டுத் திடீரென ஆறு மணி வாசிக்கத் தொடங்குவது, பழகாத தோளின் மீது ஆறு மடங்கு சுமையை ஏற்றுவதாகும்.

பிடித்துவிடுதல், ஒத்தடம் ஆகியவை தற்காலிகச் சுகம் தரும். தசையின் வலிமையை அவை உயர்த்துவதில்லை. தசை வலுவடைந்தால் அதே வாத்தியம் அதன் ஆற்றலில் சிறிய பங்கையே கோரும். உடற்பயிற்சியின் பயன் இதில்தான் இருக்கிறது. டென்மார்க்கில் கழுத்து வலியுற்ற பெண்களிடம் நடத்தப்பட்டு 2008-இல் வெளியான ஆய்வில், கழுத்து, தோள் தசைகளுக்கே உரிய வலுப்பயிற்சி வலியைப் பெரிதும் குறைத்தது. மிதிவண்டிப் பயிற்சி சிறிதளவே உதவிற்று. 2011-இல் அந்நாட்டில் அலுவலக ஊழியர் 198 பேரிடம் நடந்த சோதனையில், ரப்பர் பட்டையைக் கொண்டு நாளொன்றுக்கு இரண்டே நிமிடம், வாரத்தில் ஐந்து நாள், பத்து வாரம் செய்த பயிற்சியும் பலன் தந்தது. இவர்கள் இசைக்கலைஞர்கள் அல்லர். ஆயினும் பாதிக்கப்படும் தசைகள் அவையே.

அப்பயிற்சி எளியது. பட்டையின் நடுவைக் காலால் மிதித்து, முனைகளை இரு கைகளிலும் பற்றி, முழங்கை சற்றே மடிந்திருக்க, கைகளைப் பக்கவாட்டில் தோள்மட்டம் வரை மெல்ல உயர்த்தி, மெல்லவே இறக்க வேண்டும். பட்டை கிடைக்காதவிடத்து நீர் நிரப்பிய ஒரு லிட்டர் புட்டிகள் போதும். தோள்பட்டை எலும்புகளைக் கீழும் பின்னும் இழுக்கும் தசைகளுக்கு, தூணில் கட்டிய பட்டையை மார்பை நோக்கி இழுக்கும் பயிற்சி ஏற்றது. சுவரில் கைகளை ஊன்றித் தள்ளுவதும் தோள்பட்டையை நிலைநிறுத்தும் தசைகளுக்கு நன்மை செய்யும். கழுத்தின் முன்புறத்து ஆழ்தசைகளோ பெரும்பாலும் மறக்கப்படுகின்றன. மல்லாந்து படுத்து, தலையைத் தரையினின்று உயர்த்தாமல், ‘ஆம்’ என்பதுபோல் முகவாயை மெல்லத் தாழ்த்திப் பத்து வினாடி நிறுத்த வேண்டும். பத்து முறை செய்யலாம். பற்களைக் கடிப்பதும் மூச்சை அடக்குவதும் கூடாது.

வலுப்பயிற்சி வாரம் மூன்று நாள் போதும். புதிதாகத் தொடங்குவோருக்கு ஓரிரு நாள் தசைநோவு இருக்குமாதலால், கச்சேரிக்கு முந்திய நாளும் கச்சேரியன்றும் அதனைத் தவிர்ப்பது நல்லது. அந்நாட்களில் தோள்களைச் சுழற்றுவதும், தலையை இருபுறமும் நிதானமாகத் திருப்புவதும் போதுமானவை. சாதகத்தின்பொழுது 25 நிமிடத்திற்கு ஒருமுறை வாத்தியத்தைக் கீழே வைத்துவிட்டு ஐந்து நிமிடம் எழுந்து நடத்தல் வேண்டும். தாளக் கணக்கில் ஆழ்ந்தவர்க்கு நேரம் தெரியாது. கடிகாரத்தின் மணியையே நம்ப வேண்டும்.

கை நெடுகிலும் பரவும் வலி, விரல்களில் மரமரப்பு, பிடியில் தளர்ச்சி, இரவிலும் தணியாத நோவு ஆகியவை நரம்பு அழுத்தப்படுவதைக் காட்டக்கூடும். அப்பொழுது பயிற்சியை நிறுத்தி மருத்துவரை நாடுவது அவசியம். வலியே இல்லாமல், வாசிக்கும்பொழுது மட்டும் ஒரு விரல் தானாக மடங்குவதும் விறைப்பதும் வேறு நோய். மூளையின் இயக்கக் கட்டுப்பாட்டில் நேரும் அக்கோளாறு தோள் பயிற்சியால் நீங்குவதன்று. அதற்கு நரம்பியல் நிபுணரின் சிகிச்சை வேண்டும்.