பனிமலையில் பத்து நிமிட நடை எவ்வளவு தூரம்?

“லிஃப்ட்டிலிருந்து 10 நிமிட நடை.” நாங்கள் எடுத்த வீட்டின் விளம்பரத்தில் அப்படித்தான் போட்டிருந்தது. பத்து நிமிடம் என்றால் நமக்கு என்ன? எங்கள் புளோக்கிலிருந்து எம்ஆர்டி நிலையத்துக்குப் போகும் தூரம். பெரிய மரங்களின் நிழலில் பேசிக்கொண்டே போய்விடலாம்.

ஜப்பானின் ஹொக்கைடோ தீவில் உள்ள நிசெக்கோவில், முதல் நாள் காலையில் அந்தப் பத்து நிமிடம் எங்களுக்கு 35 நிமிடமானது.

நாங்கள் எட்டுப் பேர். நான், என் கணவர், 5 வயது மகன். அண்ணன், அண்ணி, அவர்களின் 7 வயது மகள், ஒன்றரை வயதுக் குட்டிப் பாப்பா. கூடவே 66 வயது அம்மா. பல ஆண்டுகளாக, “ஒரு தடவையாவது பனியைக் கையில எடுத்துப் பார்க்கணும்” என்று சொல்லிக்கொண்டிருந்தவர் அம்மாதான். பயணமே அவருக்காகத்தான் என்று எல்லாரிடமும் சொல்லியிருந்தோம்.

தங்குமிடத்தைத் தேடும் பொறுப்பு என்னுடையது. ஐந்து இரவுக்கு லிஃப்ட் அருகிலிருந்த ஹோட்டலைவிட இந்த வீடு 750 வெள்ளி குறைவு. மூன்று படுக்கையறை, பெரிய சமையலறை, சன்னலில் யோத்தெய் மலை. யோசிக்காமல் பணத்தைக் கட்டினேன்.

மேடு, பூட்ஸ், அழுகை

நிசெக்கோவில் அன்னுபுரி என்ற ஒரே மலையைச் சுற்றி நான்கு பனிச்சறுக்கு மையங்கள் இருக்கின்றன: கிராண்ட் ஹிராஃபு, ஹனசோனோ, நிசெக்கோ வில்லேஜ், அன்னுபுரி. கடைகளும் உணவகங்களும் அதிகம் இருப்பது ஹிராஃபுவில். அந்த ஊரே ஒரு சரிவு. மேலே போகப் போக லிஃப்ட் பக்கம். கீழே வர வர வாடகை குறையும். எங்கள் வீடு கீழே இருந்தது. அதாவது காலையில் நடக்கவேண்டியது முழுவதும் ஏற்றம்.

பனிச்சறுக்கு பூட்ஸ் நம் காலணி மாதிரி வளையாது. கணுக்காலைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். அதைப் போட்டுக்கொண்டு பெரியவர்களே ரோபோ மாதிரிதான் நடக்கவேண்டும். ஐந்து வயதுப் பையன் அதில் நூறு அடி நடப்பான், அப்புறம் உட்கார்ந்துவிடுவான். அவனுடைய சறுக்குப் பலகை, உங்களுடையது, தலைக்கவசம், கையுறை எல்லாம் உங்கள் கையில். பையனும் உங்கள் கையில். முதன்மைச் சாலையின் நடைபாதையில் பனி உருக அடியில் சூடேற்றுகிறார்கள். ஆனால் எங்கள் சந்துக்கு அந்தப் பாக்கியம் இல்லை. மிதிபட்டு இறுகிய பனி, கண்ணாடி மாதிரி வழுக்கியது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பிள்ளைகளின் பயிற்சிக் குழு கிளம்பிப் போயிருந்தது. அன்றைய காலைப் பாடத்துக்குக் கட்டிய பணம் அவ்வளவுதான்.

ஊருக்குள் சுற்றும் பேருந்து உண்டு. ஆனால் அதன் நேரமும் ஒன்றரை வயதுப் பிள்ளையின் நேரமும் ஒருநாளும் ஒத்துப்போகவில்லை. மூன்றாம் நாளிலிருந்து டாக்சியை நாடினோம். விடுமுறை உச்சத்தில் அதற்கும் காத்திருக்கவேண்டும்.

சன்னலுக்கு உள்ளே இருந்தவர்கள்

இதெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லக்கூடிய கதைதான். சிரிக்க முடியாத பகுதி வீட்டுக்குள் நடந்தது.

வாசல் வழுக்கியதால் அம்மாவுக்கு வெளியே வரப் பயம். அவர் பாப்பாவைப் பார்த்துக்கொள்வார், அண்ணி சறுக்கப் போகலாம் என்பது எங்கள் திட்டம். பாப்பா இன்னும் தாய்ப்பால் குடித்துக்கொண்டிருந்தாள். லிஃப்ட் பக்கத்தில் வீடு இருந்தால் அண்ணி ஒருமணி நேரம் சறுக்கிவிட்டு ஓடி வந்து பாலூட்டிவிட்டுப் போயிருப்பார். போய்வரவே ஒருமணி நேரம் என்றால் யார் போவார்? முதல் நாள் “நாளைக்குப் பார்க்கலாம்” என்றார். இரண்டாம் நாளும் அதையே சொன்னார். ஐந்து நாளுக்கு வாடகைக்கு எடுத்த பூட்ஸில் அவர் ஒருநாள்கூடக் காலை நுழைக்கவில்லை.

பெரிய சமையலறை என்று நான் மகிழ்ந்தேனே, அங்குதான் அம்மாவும் அண்ணியும் நாள் முழுக்க இருந்தார்கள். நாங்கள் பசியோடு வருவோம். சாப்பாடு தயாராக இருக்கும். “சூப்பர்” என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போவோம்.

நான்காம் நாள் இரவுச் சாப்பாட்டில் அம்மா சாதாரணமாகத்தான் கேட்டார். “சன்னல் வழியா பனியைப் பார்க்கிறதுக்கு இவ்வளவு தூரம் வரணுமா?” யாரும் பதில் சொல்லவில்லை. அண்ணி எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவத் தொடங்கினார். அண்ணன் என்னைப் பார்த்தான். வீட்டைத் தேர்ந்தெடுத்தது நான்தானே.

அன்றிரவு கணக்குப் போட்டேன். தவறவிட்ட பாடம், டாக்சி, அண்ணி தொடாத பலகை, பயன்படாத லிஃப்ட் டிக்கெட். மிச்சம்பிடித்த 750 வெள்ளியில் பெரும்பகுதி அதிலேயே போயிருந்தது. அதைவிட, வந்தவர்களில் இரண்டு பேருக்கு விடுமுறையே கிடைக்கவில்லை.

இரண்டாம் முறை வேறு கேள்வி

இரண்டு ஆண்டுகள் கழித்து மீண்டும் போனோம். இம்முறை “எத்தனை அறை, எவ்வளவு விலை” என்று தொடங்கவில்லை. “நம்மில் சறுக்காமல் இருக்கப் போவது யார்? அவர் நாள் முழுக்க என்ன செய்வார்?” என்று கேட்டோம். தங்குமிடத்தைத் தேடும் வழியே மாறிவிட்டது.

சறுக்கிக்கொண்டே போய்ச் சறுக்கிக்கொண்டே வாசலுக்கு வரக்கூடிய தங்குமிடங்களை ‘ஸ்கீ-இன் ஸ்கீ-அவுட்’ என்பார்கள். ஆனால் அந்தப் பெயரை மட்டும் நம்பிவிடக்கூடாது. வாசலில் இருக்கும் சரிவு தேர்ந்தவர்களுக்கானது என்றால் உங்கள் ஐந்து வயதுக்காரருக்கு அதனால் பயனில்லை. பிள்ளைகளுக்கு முக்கியம் மூன்று இடங்கள்: பயிற்சிப் பள்ளி கூடும் இடம், தொடக்கநிலைச் சரிவு, நகரும் கம்பளம் போன்ற ‘மேஜிக் கார்ப்பெட்’. உங்கள் அறைக் கதவிலிருந்து இந்த மூன்றுக்கும் உள்ள தூரத்தைத்தான் அளக்கவேண்டும். வரைபடத்தில் தூரத்தை மட்டும் பார்க்காமல் ஏற்றமா இறக்கமா என்றும் பாருங்கள்.

நாங்கள் இம்முறை தேர்ந்தெடுத்தது அதே ஹொக்கைடோவின் தொமாமு. அங்குள்ள ஹோட்டல் கட்டடங்கள் மலையடிவாரத்திலேயே நிற்கின்றன. கூரையிட்ட நடைபாதைகள் உண்டு. உட்புற அலைக்குளமும் இருக்கிறது. நியூ சித்தோசே விமான நிலையத்திலிருந்து ரயிலில், மினாமி-சித்தோசேயில் ஒருமுறை மாறி, ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாம். நிசெக்கோவுக்குப் பேருந்தில் போனால் இரண்டரை முதல் மூன்று மணி நேரமாகும். வாந்தியெடுக்கும் பிள்ளை இருந்தால் இந்த வித்தியாசம் பெரிது.

இதுபோன்ற வேறு இடங்களும் உண்டு. நிசெக்கோவிலேயே மேல் ஹிராஃபு, ஹனசோனோ, நிசெக்கோ வில்லேஜ் பகுதிகளில் லிஃப்ட்டை ஒட்டிய ஹோட்டல்கள் இருக்கின்றன. ருசுட்சுவில் ஹோட்டலுக்குள்ளேயே குதிரை ராட்டினம் சுற்றுகிறது. கட்டடங்களுக்கிடையே மோனோரயில் ஓடுகிறது. சறுக்காத தாத்தா பாட்டிக்கும் பேரப்பிள்ளைக்கும் அங்கே பொழுது போகும். தோக்கியோவுக்குப் போகிறவர்கள் பனியை ஒருநாள் மட்டும் பார்த்தால் போதும் என்றால் காலா யுசாவா நல்லது. ஷின்கான்சென் ரயிலில் ஏறத்தாழ 75 நிமிடம்; ரயில் நிலையமும் பனிச்சறுக்கு மையமும் ஒரே கட்டடம். தோக்கியோ ஹோட்டலைக் காலி செய்யாமலே போய்வந்துவிடலாம்.

வீடா, ஹோட்டலா?

பெரிய கூட்டத்துக்கு வாடகை வீடு தப்பில்லை. எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடலாம், பிள்ளைகளை எட்டு மணிக்குத் தூங்கவைத்துவிட்டுப் பெரியவர்கள் பேசலாம், துணி துவைக்கலாம். லிஃப்ட் அருகில் கிடைத்தால் நான் அதையே சொல்வேன். தூரம் அதிகமானால் வீட்டின் வசதிகள் எல்லாம் சறுக்காதவர்களின் வேலையாக மாறிவிடும்.

ஹோட்டலிலும் குறை உண்டு. அறை சின்னது. எட்டுப் பேருக்கு மூன்று அறை எடுத்தோம். மூன்றும் ஒரே மாடியில், முடிந்தால் அடுத்தடுத்து வேண்டும் என்று முன்பதிவின்போதே எழுதிக் கேட்டோம். இல்லையென்றால் இரவில் பாப்பா அழும்போது பாட்டியை எழுப்ப மின்தூக்கியில் போகவேண்டியிருக்கும். தத்தாமி பாய் அறை கிடைத்தால் சின்னப் பிள்ளைகளுக்கு அது வசதி. படுக்கை தரையோடு இருப்பதால் உருண்டு விழும் பயமில்லை.

சாப்பாட்டில் ஒரு எச்சரிக்கை. அம்மா சைவம். ஜப்பானில் காய்கறி சூப்பிலும் பெரும்பாலும் மீனில் எடுத்த ‘தாஷி’ சாறு இருக்கும். அதனால் “இறைச்சி இல்லை” என்று சொன்னால் போதாது. மீன் சாறும் வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவிடுங்கள். முதல் பயணத்தில் அம்மா இங்கிருந்து குட்டி ரைஸ் குக்கரைக் கொண்டுவந்திருந்தார். ஜப்பானில் மின்னழுத்தம் 100 வோல்ட்; நம்முடையது 230. அரை மணி நேரம் ஆகியும் அரிசி அரிசியாகவே இருந்தது! ஊறுகாய், பொடி வகைகள் போதும். கறிவேப்பிலை, பச்சைக் காய்கறி, இறைச்சிப் பொருள் எதுவும் பெட்டியில் வேண்டாம். அங்கு தனிமைக்காப்புச் சோதனை கடுமை.

எப்போது போவது?

நமக்குப் பள்ளி விடுமுறை நவம்பர் கடைசியிலும் டிசம்பரிலும் வருகிறது. ஹொக்கைடோவில் டிசம்பர் முதல் பாதியில் பல சரிவுகள் இன்னும் திறந்திருக்காது. கிறிஸ்துமசிலிருந்து புத்தாண்டு வரை பனி நன்றாக இருக்கும், விலையும் மலையேறிவிடும். பிள்ளைகளுக்குத் தேவை சின்னச் சரிவு ஒன்றுதான் என்பதால், டிசம்பர் நடுவில் போவது பல குடும்பங்களுக்குச் சரிப்படும். ஆனால் எந்த லிஃப்ட் எந்தத் தேதியில் திறக்கிறது என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். மாலை நான்கு மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும் என்பதையும் மறக்கவேண்டாம். இருட்டிய பிறகு, களைத்த பிள்ளைகளோடு திரும்பும் தூரமும் கணக்கில் சேரும்.

அம்மாவின் பனி

தொமாமுவில் இரண்டாம் நாள் காலை. மகனைப் பயிற்சிக் குழுவில் விட்டுவிட்டுத் திரும்பினேன். ஹோட்டல் வாசலில், அம்மா பாப்பாவை ஸ்லெட்டில் உட்காரவைத்துக் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். சேலைக்கு மேலே என் பழைய குளிர்ச்சட்டை, காலில் பனி பூட்ஸ். கால் மணி நேரத்தில் குளிர் தாங்காமல் இருவரும் உள்ளே போனார்கள். அரை மணி கழித்துத் திரும்பவும் வந்தார்கள். அறை பக்கத்தில் இருந்ததால் அது முடிந்தது.

அண்ணி தொடக்கநிலைச் சரிவில் ஆறு முறை விழுந்தார். ஏழாவது முறை விழாமல் கீழே வந்து, மூச்சிரைக்க என்னிடம் சொன்னது ஒன்றுதான். “போன தடவையும் எனக்கு ஆசையாத்தான் இருந்துச்சு.”

போன தடவை நான் கேட்கவே இல்லை.

முன்பதிவுக்கு முன் கேட்கவேண்டியவை

• பயிற்சிப் பள்ளி கூடும் இடத்துக்கு எத்தனை மீட்டர்? வழி ஏற்றமா, படிக்கட்டு உண்டா?

• பூட்ஸ், பலகைகளை மலையடிவாரத்தில் வைக்க லாக்கர் உண்டா? ஈர உடையை உலர்த்த அறை உண்டா?

• சறுக்குக் கருவிகளை அதே கட்டடத்தில் வாடகைக்கு எடுக்க முடியுமா?

• குழுப் பாடம் எந்த வயதில் தொடங்குகிறது? பல இடங்களில் 3 அல்லது 4 வயது. அதற்குக் கீழ் உள்ளவர்களுக்குக் குழந்தைப் பராமரிப்பு உண்டா? அதற்கும் முன்பதிவு வேண்டுமா?

• அறையில் தங்குவோர் எண்ணிக்கையில் கைக்குழந்தையையும் சேர்க்கிறார்களா? தொட்டில் தருவார்களா?

• டயப்பர் போடும் பிள்ளைகளை வெந்நீர்க் குளத்தில் அனுமதிப்பார்களா? பெரும்பாலும் அனுமதிப்பதில்லை.

• கார் எடுத்தால், 6 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்கு ஜப்பானியச் சட்டப்படி பாதுகாப்பு இருக்கை கட்டாயம். பனிச்சாலையில் ஓட்டிப் பழகாதவர்கள் ரயிலையோ பேருந்தையோ நாடுவதே நல்லது.

• பெட்டிகளை விமான நிலையத்திலிருந்து ஹோட்டலுக்குத் தனியே அனுப்பும் ‘தக்யுபின்’ சேவையைப் பயன்படுத்தலாமா? பிள்ளையைத் தூக்க ஒரு கை மிச்சமாகும். முதல்நாள் தேவைப்படும் குளிராடைகளை மட்டும் கையோடு வைத்துக்கொள்ளுங்கள்.

• கடைசியாக, வீட்டில் உள்ளவர்களிடம் ஒரு கேள்வி: சறுக்க ஆசைப்படுவது யார் யார்? ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள்.