உங்களுக்குத் தெரியுமா? – விழித்திரை ஒட்டிய பின்னும் பார்வை ஏன் தாமதிக்கிறது

ஒளியை உணரும் செல்களைக் கொண்ட மெல்லிய படலமான விழித்திரை, தனக்கு ஆக்சிஜனும் ஊட்டமும் தரும் பின்னடுக்கிலிருந்து விலகுவதே விழித்திரைப் பிரிதல் ஆகும். அதற்குப் பெரும்பாலும் படலத்தில் விழும் கிழிசலே காரணம் என்பதையும், அதை அடைத்தால் பார்வையைக் காக்கலாம் என்பதையும் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் பணியாற்றிய ஜூல் கொனன் 1920களில் நிலைநாட்டும்வரை, இந்நோய் ஏறக்குறையத் தீராததாகவே இருந்தது. இன்று பெரும்பாலோருக்கு அறுவை சிகிச்சையால் படலம் மீண்டும் ஒட்டிக்கொள்கிறது. எனினும், கூர்மையான பார்வைக்குரிய மையப்பகுதியான மாக்குலாவும் பிரிந்திருந்தால் பார்வை மெல்லவே திரும்புகிறது. பிரிந்த நிலையில் நாள்கள் கடக்கக் கடக்க மீட்சி குறைவதால், திடீர் ஒளிக்கீற்றுகளோ ஓரத்தில் திரை விழுந்தாற்போன்ற மறைப்போ தோன்றிய அன்றே கண் மருத்துவரை அணுகுவது மிக மிக இன்றியமையாதது.

பார்வை திரும்புவதில் உள்ள தாமதத்தின் காரணத்தை விளக்கியது, 1991இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓ.சி.டி. ஸ்கேன் முறை. கண்ணைத் தொடாமலே, எதிரொளிக்கும் ஒளியலைகளைக் கொண்டு விழித்திரையின் குறுக்குவெட்டை மைக்ரோமீட்டர் நுணுக்கத்தில் வரையும் இம்முறை, நேரடிப் பரிசோதனையில் முழுமையாக ஒட்டியதாகத் தெரியும் படலத்தின் அடியில் சில வேளைகளில் மாதக்கணக்கில் தங்கிவிடும் திரவத்தைக் காட்டுகிறது. அதைவிட முக்கியமானது எலிப்சாய்டு மண்டலம், அதாவது ஒளியுணர் செல்களில் மைட்டோகாண்ட்ரியா செறிந்த பகுதி, படத்தில் ஒளிர்கோடாகத் தெரிவதாகும். அறுவைக்குப் பின் அறுபட்டுக் காணப்படும் அக்கோடு படிப்படியாகத் தொடர்ச்சி பெறுகையில் பார்வைக்கூர்மையும் உயர்கிறது, சிலரிடம் ஓராண்டுக்குப் பின்னும்கூட.