16,400 ரூபாய் எஸ்டிமேட், 2,720 ரூபாய் பில்: பழைய காரில் டைனமோ கத்தினால் என்ன செய்யலாம்?

இந்த வார வீடியோவோட முதல் பத்து செகண்ட்ல ஒரு "ங்ஙொய்ய்ய்" சத்தம் வந்துச்சு இல்லையா? மைக் பிராப்ளம் இல்லைங்க. அது எங்க அப்பாவோட 2012 மாடல் பெட்ரோல் காரின் சத்தம். ஆக்சிலரேட்டர் கொடுக்கக் கொடுக்க அதுவும் ஏறும், காலை எடுத்தா இறங்கும்.

அப்பா ரிட்டயர்டு. வயசு 68. மாசம் ரெண்டு தடவை கோயம்புத்தூர்லேருந்து உடுமலைக்கு அத்தை வீட்டுக்கு அம்மாவைக் கூட்டிட்டுப் போவார். யார்கிட்டயும் "கொஞ்சம் கொண்டு போய் விடுறியா"ன்னு கேக்காம இருக்க அவருக்கு இருக்கிற ஒரே வழி அந்தக் கார்தான். சத்தம் வந்ததும் அவரே சொல்லிட்டார்: "வித்துடலாம்ப்பா. இதுக்கு மேல செலவு பண்ணாதே."

உண்மையைச் சொல்றேன், நானும் சரின்னுதான் நினைச்சேன். ஊருக்கெல்லாம் கணக்கு சொல்ற ஆடிட்டர், சொந்த வீட்டுல கணக்கே போடாம முடிவெடுக்கப் பார்த்தேன்.

நான் பண்ண முதல் தப்பு

டாஷ்போர்டில் பேட்டரி லைட் அப்பப்ப மினுக்குனு எரிஞ்சு அணைஞ்சுது. பேட்டரி படம் போட்ட லைட்டு, அப்போ பேட்டரிதான் போச்சுன்னு 5,200 ரூபாய்க்குப் புதுசு வாங்கிப் போட்டேன். சத்தமும் போகலை, லைட்டும் நிக்கலை.

அந்த லைட் பேட்டரி கெட்டுப்போச்சுன்னு சொல்றது இல்லை. சார்ஜ் சரியா ஏறலைன்னு சொல்றது. சார்ஜ் ஏத்துறது ஆல்டர்னேட்டர், நம்ம ஊர் மெக்கானிக் பாஷையில டைனமோ. இன்ஜின் சுத்தும்போது பெல்ட் வழியா அதுவும் சுத்தி கரண்ட் எடுக்குது. உள்ளே முன்னாடி ஒரு பேரிங், பின்னாடி ஒரு பேரிங், ரெண்டு கார்பன் பிரஷ், ஒரு டயோடு பிளேட், ஒரு ரெகுலேட்டர், காயில். இதுல பேரிங்கும் பிரஷ்ஷும் தேயறதுக்குன்னே இருக்கிற ஐட்டம். செருப்பு தேயற மாதிரி.

அடுத்து ஒரு ஒர்க்‌ஷாப்ல காட்டினேன். வண்டியை ஸ்டார்ட் பண்ணிக் கேட்டாங்க, ஐஞ்சு நிமிஷத்துல எஸ்டிமேட் வந்துச்சு: புது ஆல்டர்னேட்டர், பெல்ட், லேபர், ஜி.எஸ்.டி எல்லாம் சேர்த்து 16,400. பழைய கார் புரோக்கர் ஒருத்தர் பார்த்துட்டு, "சார், டைனமோ போயிருக்கு, அதுக்கு ஒரு 20,000 கழிச்சுக்கணும்"னார். இன்ஷூரன்ஸ்ல கேக்கலாமான்னு அம்மா கேட்டாங்க. முடியாது. தேய்மானம், மெக்கானிக்கல் அல்லது எலெக்ட்ரிக்கல் பிரேக்டவுன் இதெல்லாம் சாதாரண கார் பாலிசியில கவர் ஆகாது.

சத்தத்தைப் பிரிச்சுக் கேளுங்க

கடைசியா பழக்கமான ஆட்டோ எலெக்ட்ரீஷியன் அண்ணன்கிட்ட போனேன். அவர் எஸ்டிமேட் போடலை. முதல்ல கேட்டார். அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்தது இதுதான்:

1. காலையில ஸ்டார்ட் பண்ணும்போதோ, ஏ.சி., ஹெட்லைட் போடும்போதோ மட்டும் "கீச்"னு கத்தினா பெரும்பாலும் பெல்ட். தளர்ந்திருக்கும், இல்லை பாளம் விட்டிருக்கும். பெல்ட் மேல லேசா தண்ணி தெளிச்சுப் பாருங்க. சத்தம் கொஞ்ச நேரம் நின்னு திரும்ப வந்தா புல்லி நேர்கோட்டுல இல்லை. சத்தம் கூடினா டென்ஷன் பத்தலை.

2. எப்பவும் அரைக்கிற மாதிரி, இன்ஜின் வேகத்தோட சேர்ந்து ஏறி இறங்கினா பேரிங்.

3. லைட், ஏ.சி. போட்டா ரீங்காரம் கூடுது, கார் ஸ்பீக்கர்லயும் கேக்குதுன்னா டயோடு மேல சந்தேகம்.

எங்க கார் ரெண்டாவது வகை. ஆனா அதே பெல்ட்டுல வாட்டர் பம்ப்பும் ஓடுது, அதோட பேரிங்கும் இப்படித்தான் கத்தும். அதனால ஊகத்தோட நிக்கலை. இன்ஜினை ஆஃப் பண்ணி பெல்ட்டைக் கழட்டினார். பெல்ட் இல்லாம பத்து செகண்ட் மட்டும் ஓட்டினார். சத்தம் இல்லை. அப்போ இன்ஜின் உள்ளே இல்லை, பெல்ட் சுத்துற ஏதோ ஒண்ணுலதான். (ரொம்ப நேரம் இப்படி ஓட்டக்கூடாது. வாட்டர் பம்ப் சுத்தாது, இன்ஜின் சூடாயிடும்.) திரும்ப ஆஃப் பண்ணிட்டு ஒவ்வொரு புல்லியா கையில சுத்தினார். வாட்டர் பம்ப் வழுவழுன்னு சுத்துச்சு. டைனமோ புல்லி கரகரன்னுச்சு. "நீங்களே சுத்திப் பாருங்க சார்"னார். உள்ளே மணல் போட்ட மாதிரி இருந்துச்சு.

அப்புறம் மல்டிமீட்டர். பெல்ட்டைத் திரும்ப மாட்டி, பேட்டரி ரெண்டு முனையிலும் வச்சார். இன்ஜின் ஆஃப்ல 12.5 வோல்ட், நல்லா இருக்கு. ஓடும்போது 13.8லேருந்து 14.5க்குள்ள நிலையா நிக்கணும். எங்களுக்கு 13க்கும் 14க்கும் நடுவுல ஆடிச்சு. மீட்டரை ஏ.சி. வோல்ட்டுக்கு மாத்தினா அரை வோல்ட்டுக்கு மேல காட்டக்கூடாது, காட்டினா டயோடு. எங்களுக்கு அது சரியா இருந்துச்சு. முடிவு: பேரிங் அரைக்குது, பிரஷ் தேஞ்சு சரியா தொடலை. நான் பேட்டரி மாத்தியது தண்டம்.

வேலையும் பில்லும்

பேட்டரி நெகட்டிவ் கனெக்‌ஷனைக் கழட்டி, டைனமோவை இறக்கி, புல்லரால பேரிங்கை இழுத்தார். பேரிங் மேலேயே நம்பர் அடிச்சிருக்கும். அதே நம்பர்ல நல்ல கம்பெனி பேரிங் எந்தக் கடையிலும் கிடைக்கும், காரோட பெயரே சொல்ல வேண்டாம். மூணு மணி நேர வேலை.

- முன் பேரிங்: 380
- பின் பேரிங்: 240
- கார்பன் பிரஷ்: 150
- பெல்ட்: 750
- லேபர்: 1,200
- மொத்தம்: 2,720

இப்போ ஓடும்போது 14.2 வோல்ட். சத்தம் இல்லை. லைட்டும் எரியறதில்லை.

புதுசே போட வேண்டிய நேரமும் உண்டு

"எப்பவும் ரிப்பேர்தான் லாபம்"னு நான் சொல்லலை. காயில் கருகியிருந்தாலோ, பிரஷ் உரசுற வளையம் ரொம்பத் தேஞ்சிருந்தாலோ, பேரிங் உக்காருற இடமே லூசாகியிருந்தாலோ புதுசு போடறதுதான் சரி. அதுக்காகத் தள்ளியும் போடாதீங்க. பேரிங் முழுசா இறுகினா பெல்ட் அறுந்துடும். அதே பெல்ட்டுல வாட்டர் பம்ப் ஓடுற வண்டின்னா அடுத்தது ஓவர்ஹீட், ஹெட் கேஸ்கெட். 2,720 ரூபாய் வேலை ஒரே நாள்ல பல மடங்காகும், அதுவும் நடு ரோட்டுல.

இப்போ கணக்குக்கு வருவோம்

பழைய கார் ரிப்பேர்ல எல்லாரும் பண்ற தப்பு: "காரே ஒரு லட்சம்தான் போகும், அதுக்கு 16,000 செலவா?" ரிப்பேர் செலவை காரோட விலையோட ஒப்பிடக்கூடாது. ரிப்பேர் பண்ணலைன்னா அடுத்து என்ன செய்யப் போறோமோ, அந்தச் செலவோட ஒப்பிடணும்.

எங்களுக்கு மாற்று, புது கார். 6 லட்சம் லோன், 9 சதவீத வட்டி, 5 வருஷம்னா ஈ.எம்.ஐ. சுமார் 12,455. மொத்த வட்டி மட்டும் கிட்டத்தட்ட 1,47,000. அப்படிப் பார்த்தா ஒர்க்‌ஷாப் சொன்ன 16,400 கூட ஒன்றரை மாச ஈ.எம்.ஐ.யை விடக் குறைவுதான்! எங்க பில் ஒரு வாரக் காசு.

ஆனா இன்னொரு செலவையும் மறக்காதீங்க. சொந்தக் காரோட ஆர்.சி. 15 வருஷத்துக்குத்தான். அதுக்கப்புறம் ஃபிட்னெஸ் காட்டி 5 வருஷத்துக்குப் புதுப்பிக்கணும். அப்பா கார் 2027ல அந்த வாசலுக்கு வருது. அதுக்குன்னு மாசம் 1,500 ரூபாய் தனி ஆர்.டி. ஆரம்பிச்சுட்டேன். டயரோ ரினியூவலோ, எது வந்தாலும் அதுலேருந்து.

பிசினஸ் பண்றவங்களுக்கு ரெண்டு வார்த்தை. தொழிலுக்குப் பயன்படுத்துற கார்னா இந்த மாதிரி ரிப்பேர் அந்த வருஷச் செலவாவே காட்டலாம், சொத்துல சேர்த்து தேய்மானம் போட வேண்டாம். ஆனா பில் வாங்குங்க. 2025 செப்டம்பர் 22லேருந்து வாகன உதிரி பாகங்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். சாதாரண பயணக் காருக்குப் பண்ற ரிப்பேர்ல அந்த வரியை இன்புட் கிரெடிட்டா எடுக்க முடியாது, ஒரு சில தொழில்களைத் தவிர.

எனக்குக் கிடைச்ச பாடம்

ஒர்க்‌ஷாப் ஏமாத்துச்சுன்னு நான் சொல்ல மாட்டேன். முழு யூனிட்டா மாத்துறது அவங்களுக்கு ஈஸி, வாரண்டி கொடுக்கவும் வசதி. புரோக்கரும் அவர் தொழிலைப் பார்த்தார். ஆனா அந்த 16,400க்கும் 2,720க்கும் நடுவுல இருக்கிற 13,680, சத்தம் எங்கிருந்து வருதுன்னு நமக்குத் தெரியாததுக்கு நாம கட்ட இருந்த விலை. 5,200ஐ நான் ஏற்கனவே கட்டிட்டேன்.

அடுத்த தடவை எஸ்டிமேட் கையில வந்தா ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "அண்ணே, இதுதான்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க? எனக்கும் காட்டுங்க." காட்ட முடிஞ்சவர்கிட்ட வேலையைக் கொடுங்க.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பா உடுமலை போயிட்டு வந்தார். சாவியை ஆணியில மாட்டிட்டு, "ரேடியோ இப்பத்தான்ப்பா தெளிவா கேக்குது"ன்னார். விக்கிறதைப் பத்திப் பேச்சே எடுக்கலை.