மழைக்கால மலைப்பாதையும் பழைய ஆம்னியும்



ஆகுர்டியில் குடியேறிய நம் குடும்பங்கள் சிலவற்றில் பழைய மாருதி ஆம்னி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. 1984 முதல் 2019 வரை உற்பத்தியான இவ்வாகனம், பிள்ளைகளையும் பெரியோரையும் ஒருங்கே ஏற்றிச் செல்ல உதவுவது. ஆயினும், மழைக்காலத்தில் லோனாவாலா, கண்டாலா கடந்து போர் காட் மலைப்பாதை வழியாக மும்பைக்கு இறங்குகிறவர்கள் அதன் தன்மையை அறிந்திருப்பது அவசியம்.

ஆம்னியின் எஞ்சின் முன்னிருக்கைகளின் கீழே இருக்கிறது. அதன் விசையோ பின்சக்கரங்களுக்கே செல்கிறது. ஆட்கள் குறைவாயிருக்கையில் பின்பாகம் இலேசாகி, சக்கரங்களின் பிடிப்பு குறைகிறது. பனி பெய்யும் தேசங்களில் இத்தகைய பழைய கார்களை ஓட்டுவோர், பின்பெட்டியில் மணல் மூட்டை வைப்பது இதனாலேயே. நமக்குப் பனியில்லை. ஆனால் முதல் மழையில், சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் நீரோடு கலந்து வழுக்குகின்றன.

மேடு ஏறும்போது பாரம் பின்னோக்கிச் சாய்வதால் பிடிப்பு கூடும். இறங்கும்போதோ பாரம் முன்னோக்கிச் சென்று, பின்சக்கரங்கள் மேலும் இலேசாகும். ஆகையால் இறக்கத்திலேயே அதிக ஜாக்கிரதை வேண்டும்.

பெட்ரோலை மிச்சப்படுத்த எண்ணி நியூட்ரலில் இறங்காதீர்கள். அப்போது முழுப் பாரமும் பிரேக்கின்மேல் விழும். பிரேக் சூடேறினால் அதன் வல்லமை குன்றும். இறக்கம் தொடங்குமுன்பே வேகத்தைக் குறைத்துத் தாழ்ந்த கியருக்கு மாறுங்கள். ஈரமான வளைவின் நடுவில் திடீரென்று கியரைக் குறைத்தால், பின்சக்கரங்கள் சறுக்கக்கூடும். ஓடும் வண்டியில் கைப்பிரேக்கை இழுப்பதும் அவ்வாறே ஆபத்தானது.

பின்பாகம் சறுக்கினால் பதறவேண்டாம். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெதுவாக எடுங்கள், பிரேக்கை அழுத்தாதீர்கள். பின்பாகம் எந்தப் பக்கம் விலகுகிறதோ, அந்தப் பக்கமாகவே ஸ்டீயரிங்கை மென்மையாகத் திருப்புங்கள். வண்டி நேரானவுடன் ஸ்டீயரிங்கையும் நேராக்குங்கள்.

புறப்படுமுன் நான்கு டயர்களையும் பாருங்கள். அவற்றின் வரிப்பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது என்பது சட்டம். மழைக்கு அதைவிட அதிகம் இருப்பதே நலம். கனமான மூட்டைகளைக் கூரையின்மேல் கட்டாமல், உள்ளே தாழ்வாக வையுங்கள். வேகம் 30 கிலோமீட்டரிலிருந்து 60 ஆனால், பிரேக் பிடித்தபின் வண்டி ஓடும் தூரம் ஏறக்குறைய நான்கு மடங்காகும் என்பதையும் மறவாதீர்கள்.

எல்லாவற்றிற்கும் மேலாக, மூடுபனி வழியை மறைத்தால் மலையடிவாரத்திலோ லோனாவாலாவிலோ பாதுகாப்பான இடத்தில் நிறுத்திக் காத்திருங்கள். தேவையானால் வீடு திரும்புங்கள். கலியாண வீட்டிற்கோ கூட்டத்திற்கோ தாமதமாய்ச் சேர்வது வெட்கமல்ல. பின்னிருக்கையில் உறங்கும் பிள்ளைகள் உங்கள் நிதானத்தை நம்பியே உறங்குகிறார்கள்.